ஸ்பே வீச்சு பழகுவது: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லடியில் பிறந்து வளர்ந்தவன். அக்கா குடும்பம் ஸ்கொட்லாந்தில் இன்வெர்னஸ் நகரத்தில் இருக்கிறது. அங்கே போய் நின்ற இரண்டு கோடைகளில் ஸ்பே ஆற்றங்கரையில், அந்த ஆற்றின் பெயரையே கொண்ட இந்தத் தூண்டில் வீச்சைப் பயிற்றுநரிடம் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் களப்புக் கரையில் விடாமல் பழகி வருகிறேன். நீண்ட தடியோடு நிற்பதைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்பே வீச்சு என்றால் என்ன?

நாம் சின்ன வயதிலிருந்து பழகிய தூண்டிலில் ஈயக்குண்டு தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் குண்டு கிடையாது. கொளுக்கியில் இறகும் நூலும் கட்டிச் செய்த ஒரு பூச்சி உருவம் மட்டும் இருக்கும். அதற்கு எடையே இல்லை என்று சொல்லலாம். எடை முழுவதும் நூலில் இருக்கிறது. தடித்த, மேலே பூச்சுள்ள நூல் அது. அந்த நூலைத்தான் வீசுகிறோம், பூச்சி அதன் வாலில் தொங்கிக்கொண்டு போகிறது.

சாதாரண முறையில் நூலைத் தலைக்கு மேலே பின்பக்கம் எறிந்து, அது நீண்டு முடிந்ததும் முன்னால் எறிய வேண்டும். அப்படியென்றால் முன்னால் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவு இடம் பின்னாலும் வெறுமையாக இருக்க வேண்டும். ஸ்பே ஆற்றின் கரைகளோ செங்குத்தானவை, மரங்கள் அடர்ந்தவை. பின்னால் எறிந்தால் கிளையில் மாட்டும். அதனால் 19ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றில் சால்மன் பிடித்தவர்கள் வேறு வழி கண்டார்கள். நூலின் நுனியைத் தண்ணீரை விட்டுப் போகவிடாமல், இரண்டு கையாலும் பிடிக்கும் நீண்ட தடியால் நூலைச் சுழற்றிப் பக்கவாட்டில் கொண்டு வந்து, அதே ஓட்டத்தில் முன்னால் செலுத்துவது. அந்தக் கணத்தில் தோளுக்குப் பின்னால் நூல் ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி வயிறு தள்ளி நிற்கும். தடி அந்த எழுத்தின் நேர்க்கோடு. பின்பக்கம் சில அடி இடம் இருந்தாலே போதும்.

தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நூல் நுனிக்கு நங்கூரம் என்று பெயர். தண்ணீர் அதைக் கொஞ்சம் பிடித்து வைப்பதால்தான் தடி வளைகிறது. வளைந்த தடி நிமிரும்போது நூல் பறக்கிறது. ஸ்பே வீச்சில் எத்தனை வகை இருந்தாலும், நங்கூரத்தைச் சரியான இடத்தில் போட்டு, டி வளையத்தைக் கட்டி, முன்னால் விடுகிற வேலைதான் எல்லாவற்றிலும் நடக்கிறது.

மட்டக்களப்பில் சால்மன் இல்லையே, பிறகு எதற்கு இது?

சரி, சால்மன் இங்கே வராது. நம் கடைகளில் ‘செமன் டின்’ என்று வாங்குவதும் பெரும்பாலும் வேறு மீன்தான். ஆனால் கண்டல் மரங்கள் முதுகைத் தொடும் களப்புக் கரை நம்மிடம் இருக்கிறது. பின்னால் எறிய இடமில்லாத கரைக்காகப் பிறந்த வீச்சு இது. விராலும் கொடுவாயும் உள்ள ஊருக்கு இந்த வீச்சு பொருந்தாது என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன் பிடிக்காமலே இதைப் பழகலாம். கொளுக்கி இல்லாமல், நுனியில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் துண்டைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஒரு மணி நேரம் வீசிவிட்டு வந்தால் அந்த நாள் முழுக்க எனக்கு உடம்பு இலேசாக இருக்கும். நூல் அமைதியாக விரிந்து தண்ணீரில் படுக்கும் காட்சிக்காகவே நான் அதிகமாகப் போகிறேன்.

யூடியூப் பார்த்துப் பழக முடியாதா? பயிற்றுநர் கட்டாயமா?

நான் முதல் ஆறு மாதம் காணொளி பார்த்துத்தான் பழகினேன். பழகியது எல்லாம் பிழையாகப் பழகியது. பிறகு அதைக் களைய ஒரு கோடை பிடித்தது. ஆகவே என் பதில்: ஒரு பாடமாவது நேரில் எடுங்கள், அதுவும் தொடக்கத்திலேயே.

காரணம் எளிது. இந்த வீச்சில் பிழை நடக்கும் இடம் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. டி வளையம் எப்படி நிற்கிறது, நங்கூரம் கோணலாக விழுந்ததா, தடியின் நுனி எங்கே தாழ்ந்தது என்பதெல்லாம் வீசுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது முன்னால் குவிந்து விழும் நூல் மட்டும். அதைப் பார்த்ததும் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக அடிப்போம், இன்னும் மோசமாக விழும். பக்கத்தில் நிற்பவர் ஒருவர் “மெதுவாக, தடி நுனி இந்த இடத்தில் தாழ்கிறது” என்று தொட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் திருந்துகிற விஷயம்.

பயிற்றுநருக்கு வழியே இல்லை என்றால் கைத்தொலைபேசியை ஒரு கம்பில் கட்டி, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் உங்களையே படம் எடுங்கள். மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நேரடிப் பாடத்துக்கு அது ஈடாகாது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பழகுவதைவிட எவ்வளவோ மேல்.

பாடம் எங்கே எடுப்பது?

வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. போகும் பயணத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். பிரித்தானியாவில் கேம் ஆங்லிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷன் சோதித்துச் சான்றளித்த பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட ஃப்ளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் இரு கைத் தடிக்கென்றே தனியாகப் பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருக்கிறது. ஒற்றைக் கைத் தடிக்கு மட்டும் சான்று பெற்றவரும் நல்லவராக இருக்கலாம், ஆனாலும் முன்பதிவு செய்யும்போது “இரு கைத் தடி சொல்லித் தருவீர்களா?” என்று தெளிவாகக் கேளுங்கள்.

ஸ்பே ஆற்றில் சால்மன் பருவம் பெப்ரவரி 11 தொடக்கம் செப்டம்பர் 30 வரை. ஸ்கொட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டப்படி கூடாது, விடுமுறையைத் திட்டமிடும்போது இதை மறக்க வேண்டாம். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு கிராண்ட் ஆறு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அங்கே ஸ்டீல்ஹெட் மீனுக்கு இதே வீச்சைப் பயன்படுத்துகிறார்கள். நோர்வேயிலும் பெரிய சால்மன் ஆறுகள் உண்டு, ஆனால் 2024 ஜூனில் சால்மன் வரத்துக் குறைந்ததால் 33 ஆறுகளை இடையிலேயே மூடினார்கள். போகும் முன் அந்த ஆற்றின் நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மீன் குறைந்துகொண்டு வருவது உண்மையான கவலை. 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் பிரித்தானிய சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வைத்தது. என் பயிற்றுநர் பிடித்த மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே மாட்டார். கொளுக்கியைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து வைத்து, அது தானாக உதறிப் போகும்வரை காத்திருப்பார்.

முதல் பாடத்தில் என்ன நடக்கும்?

முதல் அரை மணி நேரம் வீச விடமாட்டார்கள். என்னை என் பயிற்றுநர் தண்ணீரில் முழங்கால் அளவில் நிறுத்தி, தடியை மெதுவாகத் தூக்கச் சொன்னார். தூக்குவது மட்டும். நூல் தண்ணீரிலிருந்து உரிந்து வருவதைக் கவனிக்கச் சொன்னார். ‘சர்’ என்று சத்தம் வந்தால் வேகம் அதிகம். சத்தமில்லாமல் உரிந்து வர வேண்டும்.

அடுத்து ரோல் வீச்சு. தடியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, நூல் தோளுக்குப் பின்னே தொங்கி நிற்கும்வரை பொறுத்து, முன்னால் விடுவது. இதுதான் எல்லாவற்றுக்கும் தாய். இதில் கை பழகாமல் மேலே போனால் பின்னால் எல்லாமே ஆட்டம் காணும்.

மூன்றாவதாகச் சொல்லித் தருவது கைகளைப் பற்றி. மேல் கை தள்ளும், கீழ்க் கை இழுக்கும். புதிதாக வருகிற எல்லோரும் மேல் கையால் கோடரி பிடித்த மாதிரித் தள்ளுவார்கள். என்னிடம் அவர் மேல் கையில் இரண்டு விரலால் மட்டும் தடியைப் பிடிக்கச் சொன்னார். தள்ள முடியாமல் போனது. வேறு வழியில்லாமல் கீழ்க் கை நெஞ்சை நோக்கி இழுத்தது. அன்று முதல் முறையாக என் நூல் குறுகலான வளையமாக ஆற்றின் மேல் போய் விரிந்தது. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை சிலிர்க்கும்.

அதற்குப் பிறகுதான் சிங்கிள் ஸ்பே, டபுள் ஸ்பே என்ற பெயர்கள் வரும். டபுள் ஸ்பேயில் நங்கூரம் தண்ணீரில் படுத்துக் கிடக்கும், யோசிக்க நேரம் உண்டு. சிங்கிள் ஸ்பேயில் நுனி தண்ணீரைத் தொட்ட மறுகணம் முன்னால் விட வேண்டும். ஆகவே டபுள் ஸ்பேயை முதலில் சொல்லித் தருகிற பயிற்றுநர் கிடைத்தால் நல்லது என்பது என் எண்ணம்.

என்ன தடி வாங்குவது?

பாடத்துக்கு முன்னால் ஒன்றும் வாங்காதீர்கள். பயிற்றுநரின் தடியை வாங்கி வீசிப் பாருங்கள்.

தடிக்கும் நூலுக்கும் அவற்றின் கனத்தைச் சொல்ல ஓர் எண் உண்டு. பெரிய ஆற்றுக்கு 13 அடி, 8 எண் தடி நல்ல தொடக்கம். களப்பிலும் குளத்திலும் பழக மட்டும் என்றால் 11 அடி, 5 எண் போதும், தோளும் நோகாது. தடியைவிட நூல்தான் முக்கியம். இங்கேதான் நான் ஏமாந்தேன். 8 எண் தடிக்கு 8 எண் நூல் என்று விற்றவர் சொன்னார், வாங்கினேன். அது ஒற்றைக் கைத் தடிக்கான 8. அந்த நூலின் முன்பகுதி 210 கிரெய்ன் எடை (கிரெய்ன் என்பது நூலின் எடையைச் சொல்லும் சிறிய அலகு). இரு கை 8 எண் தடிக்கு 500 கிரெய்னுக்கு மேல் வேண்டும். எண் ஒன்றுதான், எடை பாதிகூட இல்லை. தடி வளையவே இல்லை. இரண்டு மாதம் என் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எண்ணைப் பார்க்காமல் கிரெய்ன் எடையைப் பாருங்கள்.

நூலில் ஸ்கான்டி, ஸ்காஜிட் என்று இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழும். ஸ்கான்டி ஸ்கண்டிநேவியாவில் வளர்ந்த முறை, இலேசான பூச்சிக்கு ஏற்றது. ஸ்காஜிட் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆற்றின் பெயர், அதன் நூல் கட்டையாகவும் கனமாகவும் இருக்கும், ஆழத்தில் இறங்கும் நுனியையும் பெரிய பூச்சியையும் தூக்கும். பழகுவதற்கு ஸ்கான்டி எடுங்கள். அது பிழையைப் பிழையாகவே காட்டும்.

தடி நான்கைந்து துண்டாக வரும். இந்த வீச்சு தடியை முறுக்கும், மூட்டுகள் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். ஒவ்வொரு மூட்டிலும் கரண்ட் வேலைக்குப் பாவிக்கும் டேப்பைச் சுற்றுங்கள். களப்புத் தண்ணீர் உவர், வீட்டுக்கு வந்ததும் ரீலையும் நூலையும் கிணற்றுத் தண்ணீரில் அலசி எடுங்கள்.

களப்பில் நீரோட்டம் இல்லையே, எப்படிப் பழகுவது?

நல்ல கேள்வி. ஆற்றில் வீசிய நூலை ஓட்டமே கீழ்ப்பக்கம் இழுத்து நேராக்கி வைக்கும். அங்கிருந்து அடுத்த வீச்சைத் தொடங்குவார்கள். களப்பில் வீசிய நூல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. கரையில் நின்று இடது பக்கம் ‘கீழ் ஆறு’ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ரோல் வீச்சால் நூலை அந்தப் பக்கம் நேராகப் படுக்க வையுங்கள். பிறகு அங்கிருந்து தூக்கி, நேர் எதிரே நடுக்களப்பை நோக்கி வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு அசைவு. அரை மணிக்குப் பிறகு வலது பக்கத்தைக் கீழ் ஆறு ஆக்குங்கள். இரண்டு தோளும் பழக வேண்டும்.

புல்வெளியில் பழகாதீர்கள். புல் நூலைத் தண்ணீர் மாதிரிப் பிடிக்காது, நங்கூரம் வழுக்கும், நூலின் பூச்சும் கெடும்.

இடம் என்று பார்த்தால், கல்லடிப் பாலம் வேண்டாம். அங்கே தூண்டில் போடுகிறவர்கள் நெருக்கமாக நிற்பார்கள், பின்னால் வாகனம் போகும். ஆள் குறைந்த களப்போரம், மதகுக் கட்டு, உன்னிச்சைக் குளத்து அணைக்கட்டு மாதிரி உயரமான உறுதியான கரை நல்லது. மீனவர்களின் வலை கட்டியிருக்கிற பக்கம் போகாதீர்கள். தோணிக்காரர் வருகிறார் என்றால் நூலைச் சுருட்டிவிட்டு வழி விடுங்கள், அது அவருடைய பிழைப்பு.

காற்று எந்தப் பக்கம் இருந்தால் எந்த வீச்சு?

விதி ஒன்றுதான்: நங்கூரம் எப்போதும் காற்று போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில் நங்கூரம் போட்டால் நூலும் கொளுக்கியும் உங்கள் முகத்துக்கே வரும். கொளுக்கி கட்டாவிட்டாலும் தொப்பியும் கண்ணாடியும் போடாமல் தடியைத் தொடாதீர்கள்.

ஆற்றில் இதை இப்படிச் சொல்வார்கள் (ஸ்னாப்-டி, ஸ்னேக் ரோல் இரண்டும் ஸ்பே வீச்சின் வேறு வகைகள்). காற்று கீழ் ஆற்றிலிருந்து மேல் நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப்-டி. மேலிருந்து கீழ் நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே அல்லது ஸ்னேக் ரோல்.

நம் ஊருக்கு இதை நான் இப்படி மாற்றி வைத்திருக்கிறேன். களப்பின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் களப்பைப் பார்த்து நின்றால் முகம் மேற்கே. வாடை வலப்பக்கத்திலிருந்து வரும், நங்கூரத்தை இடப்பக்கம் போட வேண்டும். தெற்குக் காற்றான சோழகம் இடப்பக்கத்திலிருந்து வரும், நங்கூரம் வலப்பக்கம். மேற்குக் காற்றான கச்சான் நேரே முகத்தில் அடிக்கும். அப்போது நூலை உயரமாக விடாமல் தண்ணீரோடு ஒட்டித் தாழ்வாக விட வேண்டும், தூரத்தை மறந்துவிடுங்கள். மேற்குக் கரையான படுவான்கரையில் நின்றால் அதே கச்சான் முதுகில். முதுகுக் காற்று உதவி என்று தோன்றும், ஆனால் டி வளையத்தை முன்னால் தள்ளிச் சப்பையாக்கிவிடும். வைகாசி முதல் ஆவணி வரை பின்னேரங்களில் கச்சான் வெறிகொண்டு வீசும். அந்த மாதங்களில் விடிந்து எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

முதலை, மின்னல் பயமில்லையா?

பயம் இருக்க வேண்டும். களப்பிலும் குளங்களிலும் முதலை உண்டு. ஸ்கொட்லாந்தில் தண்ணீருக்குள் இறங்கி நிற்பார்கள் என்பதற்காக இங்கே இறங்காதீர்கள். உயரமான கரையிலிருந்து வீசுங்கள், குனிந்து தண்ணீரில் கை கழுவவும் வேண்டாம். அம்பாறைப் பக்கக் குளங்களில் பொழுது சாயும் முன் கிளம்பிவிடுங்கள், யானை வரும் நேரம் அது.

மின்னல் இதைவிட ஆபத்து. தடி கார்பன் நாரால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி நமக்குப் பழக்கமானது. தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டாலும் தடியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். மின்கம்பிக்கு அடியிலும் தடியை நிமிர்த்தக் கூடாது.

வீச்சுவலை வீசத் தெரிந்தவருக்கு இது சுலபமா?

சுலபம் என்றே நினைக்கிறேன். நான் பழகும் இடத்துக்குப் பக்கத்தில் வீச்சுவலை வீசும் ஒரு மாமா இருக்கிறார். அறுபது வயது தாண்டியவர். ஒரு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தோளால எறியாத மனே, காலால எறி” என்றார். வலை வீசுகிறவர் உடம்பு எடையைப் பின் காலிலிருந்து முன் காலுக்கு மாற்றித்தான் வலையை விரிப்பார். கை கடைசியில்தான் வரும். ஸ்கொட்லாந்தில் பணம் கொடுத்துக் கேட்ட அதே பாடம்.

தடியை அவர் கையில் கொடுத்தேன். மூன்றாவது ரோல் வீச்சிலேயே நூல் நேராகப் போனது. காத்திருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் திணறிய ஒரே இடம், முன்னால் விட்டதும் தடியைச் சட்டென்று நிறுத்துவது. வலை வீசும்போது கை தொடர்ந்து போகும், இங்கே உயரத்திலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் வளையம் கட்டும்.

நூல் முன்னால் குவிந்து விழுகிறது, அல்லது சாட்டை மாதிரி ‘டப்’ என்று சத்தம் வருகிறது. ஏன்?

குவிந்து விழுந்தால் பெரும்பாலும் நூல் அதிகமாகத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுழற்றும்போது தடி நுனி தாழ்ந்து போயிருக்கும். நுனி மட்டத்தில் தொடங்கி மெல்ல ஏற வேண்டும்.

‘டப்’ என்றால் நங்கூரம் பிடிவிட்டது. சுழற்றிய வேகம் அதிகம், நுனி தண்ணீரை விட்டு எழும்பி உங்களுக்குப் பின்னால் போய்விட்டது. வேகத்தைப் பாதியாக்குங்கள்.

நூல் நூலோடு சிக்கினால் நங்கூரம் கோணல். அது நீங்கள் வீசப்போகும் திசைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும்.

பெண்கள், பிள்ளைகள் பழகலாமா?

தாராளமாக. இதில் பலம் வேலை செய்யாது, நேரம்தான் வேலை செய்யும். பிரித்தானியாவில் பூச்சித் தூண்டிலில் பிடித்த சால்மன்களில் பெரியதாகச் சொல்லப்படுவது 1924இல் டெவரன் ஆற்றில் திருமதி மோரிசன் பிடித்த 61 இறாத்தல் மீன். என் பதினொரு வயது மருமகள் 11 அடித் தடியால் என்னைவிட அழகாக டபுள் ஸ்பே போடுகிறாள். அவளுக்கு அவசரம் கிடையாது.

எவ்வளவு நாளில் கைவரும்?

இரண்டு மணி நேரப் பாடம் ஒன்று, அதன் பின் வாரம் மூன்று நாள் வீதம் இரண்டு மாதப் பழக்கம், பிறகு இன்னொரு பாடம். இந்த முறையில் 50, 60 அடி நிதானமாகப் போகும். ஒரே வாரத்தில் ஐந்து பாடம் எடுப்பதில் காசுதான் போகும், கைக்கு ஊற நேரம் கிடைக்காது. இடையில் ஓய்வெடுக்காமல் 40 நிமிடத்துக்கு மேல் வீசாதீர்கள். களைத்த கை பிழையைத்தான் பழகும்.

களப்பில் இதை வைத்து மீன் பிடிக்க அனுமதி வேண்டுமா?

கொளுக்கி கட்டும் முன் உங்கள் பகுதிக் கடற்றொழில் அலுவலகத்திலும், அந்தக் கரையில் தொழில் செய்யும் மீனவர் சங்கத்திலும் கேட்டுவிடுங்கள். தேசிய பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்கக் கூடாது. வெளிநாட்டு ஆற்றில் பாவித்த சப்பாத்தையும் நூலையும் நன்றாகக் கழுவி, முற்றாகக் காயவிட்ட பிறகே நம் தண்ணீரில் வைக்க வேண்டும். ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் பரவிய ஒட்டுண்ணியால் நோர்வேயில் ஆறு ஆறாகச் சால்மன் அழிந்திருக்கிறது.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் மழையில்லாத சனிக்கிழமைகளில் விடிந்ததும் கல்லடிக் களப்போரம் வந்தால் என்னைக் காணலாம். தடி இரண்டு இருக்கிறது. தொப்பியும் கண்ணாடியும் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.